ஈயம் பூசியவரின் இயற்பியல்

பள்ளி விடுமுறை நாட்களில் எங்கள் தேனாம்பேட்டைச் சந்துக்குள் ஒரு குரல் வரும். "ஈயம் பூசறதோ, ஈயம்!" கேட்டதும் வீடுகளிலிருந்து பித்தளை அண்டாவும் குண்டானும் வெளியே வரும். வேப்பமரத்தடியில் அவர் சிறு குழி தோண்டி, கரி போட்டு, துருத்தியால் நெருப்பை எழுப்புவார். பாத்திரத்தை மணலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவி, இடுக்கியால் பிடித்து நெருப்பின்மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார். சூடு ஏறியதும் நவச்சாரப் பொடியை உள்ளே தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் குச்சியால் ஒரு தொடு. பழந்துணியால் ஒரு சுழற்று. மஞ்சளாக இருந்த உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். பிறகு பாத்திரத்தை வெயிலுக்கு நேரே சாய்த்து உள்ளே உற்றுப் பார்ப்பார். கடுகளவு மஞ்சள் தெரிந்தாலும் மறுபடி நெருப்பில் வைத்துவிடுவார்.

இன்று அதே சந்திலிருந்து அண்ணா சாலைக்கு வந்தால் இருபுறமும் கண்ணாடி முகப்புக் கட்டடங்கள். மே மாத நடுப்பகலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, வெயில் அந்தக் கண்ணாடிகளில் பட்டுத் திரும்புவது முகத்தில் தெரியும். வெயிலைத் திருப்பி அனுப்பவென்றே செய்யப்படும் கண்ணாடிகளில், கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு ஒன்று இருக்கும். வேப்பமரத்தடிக் கரி அடுப்புக்கும் அந்தப் பூச்சுக்கும் இடையே இருப்பது ஒரே அறிவியல். உருகிய பொருள் தனக்குள் எப்படி ஓடுகிறது, மெல்லிய படலம் ஒரு பரப்பின்மேல் எப்படிப் பரவுகிறது என்ற இரண்டு கேள்விகள்தாம் அது. இந்த நூற்றாண்டின் பெரிய தொழில்கள் பல இந்த இரண்டின் மேல் நிற்கின்றன. அந்தக் கதையில் மயிலாப்பூருக்கும் கிண்டிக்கும் கல்பாக்கத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பங்கு உண்டு.

ஈயச் சொம்பு ஏன் உருகுவதில்லை?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பாத்திரத்துக்குப் பூசுவது காரீயம் அன்று, வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது கலந்த பூச்சு சமையலுக்கு ஆகாது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதுதான். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அடுப்புச் சுடரின் வெப்பமோ 1000 டிகிரிக்கும் மேல். அப்படியிருந்தும் ரசம் கொதிக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. பாட்டிமார் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: வெறும் சொம்பை அடுப்பில் வைக்காதே.

காரணம் ரசத்தின் ஓட்டம். அடியில் சூடான ரசம் விரிந்து எடை குறைந்து மேலே போகிறது. மேலே இருந்த ஆறிய ரசம் அந்த இடத்துக்கு இறங்குகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடந்து, சொம்பின் சுவரில் சேரும் வெப்பத்தை உடனுக்குடன் வாரிக்கொண்டு போகிறது. அதனால் ஈயம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் ஏறுவதில்லை. ரசம் வற்றிப்போனால் ஓட்டமும் இல்லை. சற்று நேரத்தில் சொம்பு அடுப்பின்மேல் வெள்ளிக் குளமாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு சொம்பு அப்படிப் போயிருக்கிறது.

இந்த ஓட்டத்தின் பெயர் சென்னைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கோடைக்காலத்தில் நுங்கம்பாக்கம் வானிலை மையம் சொல்கிற "வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை" என்ற வாக்கியத்தில் வருவது இதுதான். வானத்தில் மேகத்தைக் கட்டுவதும் சொம்பில் ரசத்தைச் சுழற்றுவதும் ஒரே வெப்பச்சலனம்.

திமிங்கில மெழுகில் அறுகோணங்கள்

1900ஆம் ஆண்டு பிரான்ஸில் ஆன்ரி பெனார் என்ற இளம் ஆய்வாளர், திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைக்கும் மெழுகை உருக்கி, ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அடுக்காகப் பரப்பிக் கீழிருந்து சூடாக்கினார். உருகிய மெழுகு தானாகவே தேன்கூடு போல அறுகோண அறைகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு அறையிலும் நடுவில் மெழுகு எழுந்து, ஓரங்களில் இறங்கியது.

1916இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு இதற்கு ஒரு கணக்குத் தந்தார். கீழிருந்து சூடாக்கப்படும் திரவத்தில் எப்போதும் ஒரு போட்டி நடக்கிறது. சூடான பகுதியை மேலே தூக்கப் பார்க்கிறது மிதப்பு விசை. அதைத் தடுப்பவை இரண்டு. ஒன்று திரவத்தின் பாகுத்தன்மை. மற்றொன்று வெப்பம் தானாகவே அக்கம்பக்கத்துக்குக் கசிந்து வேறுபாட்டை அழித்துவிடும் இயல்பு. இவற்றின் விகிதத்தை ஓர் எண்ணாக எழுதலாம். அதற்கு இன்று ரேலி எண் என்று பெயர். மேலும் கீழும் கெட்டியான தட்டுகள் இருக்கும் திரவ அடுக்கில் அந்த எண் 1708ஐ எட்டும்வரை திரவம் அசையாது. வெப்பம் கடத்தலால் மட்டுமே மேலே போகும். அதைத் தாண்டியதும் ஓட்டம் பிறக்கிறது. இந்த எண்ணில் ஆழம் முப்படியாக வருகிறது. அதாவது ஆழத்தை இரண்டு மடங்காக்கினால் எண் எட்டு மடங்காகும். சிறு கிண்ணத்தில் அடங்கிக் கிடக்கும் உருகல் பெரிய உலையில் கொந்தளிப்பது இதனால்தான்.

பெனாரின் மெழுகில் இன்னொரு நுட்பம் ஒளிந்திருந்தது. அவ்வளவு மெல்லிய அடுக்கில் மிதப்பு விசை போதாது. அங்கே ஓட்டத்தை நடத்தியது பரப்பு இழுவிசை என்பது 1950களில்தான் தெளிவானது. திரவத்தின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போன்றது. சூடான இடத்தில் அதன் இழுப்பு தளர்ந்திருக்கும், குளிர்ந்த இடத்தில் இறுகியிருக்கும். இறுக்கமான பக்கம் தளர்ந்த பக்கத்தை இழுக்க, அதோடு சேர்ந்து அடியிலுள்ள திரவமும் நகரும். இத்தாலியர் கார்லோ மராங்கோனி 19ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த விளைவு இது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம். கண்ணாடியிடம் போகும்போது மீண்டும் தேவைப்படும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு காந்தம்

தேனாம்பேட்டையிலிருந்து கதீட்ரல் சாலை வழியே கடலை நோக்கி நடந்தால் ராதாகிருஷ்ணன் சாலை வரும். எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று அழைக்கப்பட்ட காலத்தில், அங்கே 'சந்திர விலாஸ்' என்ற வீட்டில் ஒரு மாணவர் இருந்தார். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, 1930இல் கப்பலேறி இங்கிலாந்து போன சுப்ரமணியன் சந்திரசேகர். வெண்குறு விண்மீன்களின் எடைக்கு அவர் கண்ட எல்லை உலகறிந்தது; 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் 1950களில் பல ஆண்டுகள் அவர் உழைத்தது வேறொரு கேள்விக்காக. கீழிருந்து சூடாக்கப்படும் திரவம் எந்தக் கணத்தில் நிலைகுலைந்து ஓடத் தொடங்கும்? அதைச் சுழற்றினால் என்ன ஆகும்? காந்தப்புலத்தில் வைத்தால் என்ன ஆகும்? இந்த ஆய்வுகள் 1961இல் பெரிய நூலாக வந்தன. திரவங்களின் நிலைத்தன்மை பற்றிப் படிப்பவர்கள் இன்றும் அதை எடுத்துப் பார்க்கிறார்கள்.

காந்தப்புலத்தைப் பற்றி 1952இல் அவர் போட்ட கணக்கு இது. உருகிய உலோகம் மின்சாரத்தைக் கடத்தும். அது காந்தப்புலத்துக்குக் குறுக்கே நகர்ந்தால் அதற்குள் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டத்தின்மேல் காந்தம் செலுத்தும் விசை, நகர்வை எதிர்த்தே நிற்கும். செப்புக் குழாய்க்குள் காந்தத் துண்டைப் போட்டால் அது விழாமல் மெல்ல மெல்ல இறங்குவதைப் பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்போம், அதே தடுப்புதான். ஆகவே போதிய வலுவுள்ள காந்தப்புலம் உருகிய உலோகத்தின் வெப்பச்சலனத்தை அடக்கிவிடும். புலம் வலுக்க வலுக்க, ஓட்டம் தொடங்க வேண்டிய ரேலி எண் ஏறிக்கொண்டே போகும்.

காகிதத்தில் இருந்த இதைச் சோதனையில் காட்டியவர் சிகாகோவில் அவரோடு பணியாற்றிய யோஷினாரி நாககாவா. பாதரச அடுக்கைப் பழைய சைக்ளோட்ரான் ஒன்றின் பெரிய காந்தத்துக்கு நடுவே வைத்து, கீழிருந்து சூடாக்கி, ஓட்டம் பிறக்கும் கணத்தை அளந்தார். 1950களில் வெளியான அந்த அளவுகள் சந்திரசேகரின் கணக்கோடு பொருந்தின. காந்தத்தின் அடக்கும் வலுவைக் குறிக்கும் எண்ணுக்கு இன்று 'சந்திரசேகர் எண்' என்றே பெயர்.

படிகத்துக்கு அமைதி வேண்டும்

விண்மீன்களை நினைத்துப் போட்ட கணக்கு நம் கைப்பேசிக்கு எப்படி வந்தது? அதற்கும் வெள்ளீயமே வழிகாட்டி. 1916இல் பெர்லினில் வேலை பார்த்த யான் சொக்ரால்ஸ்கி என்ற போலந்துக்காரர், எழுதிக்கொண்டே இருந்தவர், மைக்கூடு என்று நினைத்துப் பேனாவை உருகிய வெள்ளீயத்தில் தோய்த்துவிட்டதாகச் சொல்வார்கள். பேனாவை எடுத்தபோது முனையிலிருந்து மெல்லிய உலோக இழை தொங்கியது. பார்த்தால் அது ஒரே படிகம். உருகலில் ஒரு விதையைத் தொடவைத்து மெல்ல மேலே இழுத்தால், அணுக்கள் விதையின் ஒழுங்கையே பின்பற்றி அடுக்கிக்கொண்டு வரும். இன்று கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கான் படிகம் பெரும்பாலும் இந்த முறையில்தான் வளர்கிறது. 1414 டிகிரியில் உருகிய சிலிக்கானிலிருந்து 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூண்களை இழுத்தெடுக்கிறார்கள்.

இங்கேதான் வெப்பச்சலனம் தொல்லை தருகிறது. கொப்பரையின் சுவர் சூடாகவும் நடுவில் படிகம் குளிர்ந்தும் இருப்பதால் உருகல் ஓயாது சுழல்கிறது. ஓட்டம் துடிக்கும்போது படிகத்தின் விளிம்பில் வெப்பநிலையும் துடிக்கிறது. அந்தத் துடிப்புகள், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, படிகத்துக்குள் வரிவரியாகப் பதிந்துவிடுகின்றன. ஒரு வரியில் கலப்பணு கூடுதல், அடுத்ததில் குறைவு. போதாததற்கு, குவார்ட்ஸ் கொப்பரையிலிருந்து கரையும் ஆக்சிஜனையும் ஓட்டம் படிகத்திடம் சுமந்துபோகிறது. 1966இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த சோதனைகள், உருகலைக் காந்தப்புலத்தில் வைத்தால் இந்தத் துடிப்புகள் அடங்குவதைக் காட்டின. 1980களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெரும் காந்தங்களைச் சிலிக்கான் உலையைச் சுற்றிப் பொருத்தின. பாதரசத்தில் சரிபார்த்த இயற்பியல், சிலிக்கானுக்கு அமைதி தந்தது.

படிகம் வளர்ப்பது சென்னைக்குப் பழக்கமான கலை. தேனாம்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டரில், கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில், பேராசிரியர் பி. ராமசாமியின் முயற்சியால் உருவான படிக வளர்ச்சி மையம் இருக்கிறது. உருகலிலிருந்தும் கரைசலிலிருந்தும் படிகம் வளர்க்கும் ஆய்வாளர்கள் பலரை அது உருவாக்கியது. கண்ணாடிக் குழாயின் அடியில் விதையை வைத்து, விரும்பிய ஒரே திசையில் கரைசலிலிருந்து படிகத்தை வளர்க்கும் முறை ஒன்று 2005இல் வெளியானது. அது சங்கரநாராயணன்–ராமசாமி முறை என்ற தமிழர் பெயர்களோடு உலகின் ஆய்வகங்களில் வழங்குகிறது.

எல்லா இடத்திலும் ஓட்டம் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1985இல் இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை, வெப்பத்தை எடுத்துச் செல்ல உருகிய சோடியத்தைப் பயன்படுத்துகிறது. சோடியம் 98 டிகிரியில் உருகி, 883 டிகிரியில்தான் கொதிக்கும். அணு உலையை நிறுத்திய பிறகும் எரிபொருளிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கும். அப்போது மின்சாரமும் போய், பம்புகளும் நின்றுவிட்டால்? அங்கே கட்டப்பட்ட அடுத்த தலைமுறை ஈனுலையின் வடிவமைப்பில், சூடான சோடியம் தானே எழுந்து, வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து தானே இறங்கும்படி வழி செய்திருக்கிறார்கள். இதைச் சோதிக்கவே 'சாதனா' என்ற சோடியச் சுற்று கல்பாக்கத்தில் அமைக்கப்பட்டது. ஈயச் சொம்பைக் காப்பாற்றும் ரசத்தின் வேலையை அங்கே சோடியம் செய்கிறது.

ஓர் உருகலின்மேல் இன்னோர் உருகல்

இனி அண்ணா சாலைக் கண்ணாடிக்கு வருவோம். சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை இயங்குகிறது. மிதவை முறையை இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் குழு ஏழு ஆண்டுகள் போராடி 1959இல் அறிவித்தது. மணலும் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து 1500 டிகிரிக்கு மேல் உருகும் உலையில் வெப்பச்சலனம் வரவேற்கப்படுகிறது; அது கலக்கிக் கொடுக்காவிட்டால் கண்ணாடி ஒரே சீராக இராது. பிறகு அந்த உருகல், நீண்ட தொட்டியில் தளதளக்கும் இன்னோர் உருகலின்மேல் வழிந்து பரவுகிறது.

அந்தத் தொட்டியில் இருப்பது, நம் ஈயம் பூசுகிறவரின் கையில் இருந்த அதே வெள்ளீயம். கண்ணாடி சுமார் 1100 டிகிரியில் ஏறி, 600 டிகிரியில் இறங்கும். அந்த வெப்பநிலை முழுவதும் திரவமாகவே இருக்க வேண்டும், ஆவியாகிப் போகக் கூடாது, கண்ணாடியைவிடக் கனமாகவும் இருக்க வேண்டும். மூன்றும் வெள்ளீயத்துக்குப் பொருந்துகின்றன. திரவத்தின் தளம் இயல்பாகவே மட்டம் என்பதால் கண்ணாடியும் தேய்க்காமலே மட்டமாகிறது. தொடாமல் விட்டால் புவியீர்ப்பும் பரப்பு இழுவிசையும் சமரசம் செய்துகொண்டு, கண்ணாடி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் கனத்தில் நின்றுவிடும். மெல்லிய தகடு வேண்டுமானால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும். வெள்ளீயத்தில் களிம்பு படியாமலிருக்க, தொட்டியின்மேல் நைட்ரஜனும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயு நிறைந்திருக்கும். உலோகத்தை ஆக்சிஜனிடமிருந்து காப்பதில் நவச்சாரப் புகையின் கடமையை அந்த வாயு செய்கிறது.

ஒரு பவுன் எடையில் ஒரு வீடளவு

நவச்சாரம் உண்மையில் என்ன செய்தது? அது அம்மோனியம் குளோரைடு. சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரியும். பின்னது பித்தளையின்மேல் படிந்த ஆக்சைடைத் தின்று, புத்தம்புது உலோகத்தை வெளிக்காட்டும். அந்தக் கணத்தில் ஈயம் பட்டால் அது முத்துமுத்தாக உருளாமல் பரவி, செம்போடு சேர்ந்து பற்றிக்கொள்ளும். அழுக்குப் பரப்பில் ஈயம் ஒட்டாது. பரப்பு இழுவிசை அதைக் குமிழாகச் சுருட்டிவிடும்.

கண்ணாடிக்குப் பூச்சு போடுகிறவர்களும் இதே சிக்கலைத்தான் சந்திக்கிறார்கள். சூரியனிடமிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஒளியை உள்ளே விட்டு, இதை மட்டும் வெளியே நிறுத்த வேண்டும். அதற்கேற்ற உலோகம் வெள்ளி. கனம் சுமார் 10 நானோமீட்டர், அதாவது நாற்பது அணு அடுக்குகள் மட்டுமே. கணக்குப் போட்டால், ஒரு பவுன் எடை, 8 கிராம் வெள்ளி, சுமார் 800 சதுர அடிக் கண்ணாடிக்குப் போதும். இரண்டு படுக்கையறை வீட்டின் தரைப்பரப்பு அது. சாதாரணக் கண்ணாடி, தான் வாங்கிய வெப்பத்தை எளிதில் மறுபக்கம் உமிழும். வெள்ளி பூசிய பரப்போ உமிழ்வதை இருபதில் ஒரு பங்காகக் குறைத்துவிடும்.

இவ்வளவு மெல்லிய வெள்ளியைப் பூச, காற்றை உறிஞ்சி எடுத்த அறையில் சிறிது ஆர்கான் வாயுவை விடுவார்கள். மின்னழுத்தத்தால் ஆர்கான் அயனியாகி வெள்ளித் தகட்டை மோதும். தெறித்த வெள்ளி அணுக்கள், எதிரே நகரும் கண்ணாடியில் படியும். தகட்டுக்குப் பின்னால் காந்தங்கள் இருந்து எலக்ட்ரான்களை ஓடிவிடாமல் பிடித்து வைக்கின்றன. இந்த முறையிலும் ஆட்டத்தைக் கட்டுப்படுத்துவது காந்தமே.

ஆனால் வெறும் பரப்பில் விழும் வெள்ளி அணுக்கள் முதலில் தீவு தீவாகக் கூடுகின்றன. தீவுகள் ஒன்று சேராதவரை படலம் இல்லை. வெப்பத்தைத் திருப்பும் வேலையும் நடக்காது. ஆகவே முதலில் துத்தநாக ஆக்சைடு அடுக்கு ஒன்றைப் போட்டு, அதன்மேல் வெள்ளியை வரவழைக்கிறார்கள். அப்போது வெள்ளி ஒழுங்காக, முழுதாகப் பரவுகிறது. வெள்ளி விளக்கு காற்றிலிருக்கும் கந்தகம் பட்டுக் கறுப்பதுபோல் இந்தப் படலமும் கெட்டுப்போகும் என்பதால், மேலே இன்னும் சில காப்பு அடுக்குகள் போட்டு, இரட்டைக் கண்ணாடியின் உட்புறமாக அடைத்துவிடுகிறார்கள். புளியிடமிருந்து பித்தளையைக் காத்தது ஈயம். இங்கே காற்றிடமிருந்து வெள்ளியைக் காக்க வேறொரு பூச்சு.

கண்ணாடிக்குள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும், சில்லுகள் பொதிந்த கைப்பேசியைக் கையில் வைத்திருப்பவருக்கும் இந்த ஓட்டங்களும் படலங்களும் கண்ணில் படுவதில்லை. படாமலே போவதில்தான் எனக்கு வருத்தம். வெப்பச்சலனத்தைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு, ஈயச் சொம்பில் கொத்தமல்லித் தழை எழுந்து இறங்குவதைக் காட்டிவிட்டு, அடுத்து கல்பாக்கத்துச் சோடியத்தைச் சொல்லலாம். பரப்பு இழுவிசையைப் படிப்பவர்களுக்கு நவச்சாரப் புகையைக் காட்டலாம். ஈயம் பூசுகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை ஒருநாள் பள்ளி முற்றத்துக்கு அழைத்து, துருத்தியை இயக்கச் சொல்லி, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைக்க வேண்டும். கைத்தொழிலுக்குள் இருக்கும் இயற்பியலைக் கண்ட பிள்ளை ஆய்வகத்துக்குள் தயங்காமல் நுழையும்.

அந்தப் பிள்ளைகள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வேலை முடிந்த பிறகு அவர் செய்யும் ஒரு காரியத்தை. பாத்திரத்தை வெயிலுக்கு நேரே சாய்த்து, அடியிலிருந்து விளிம்புவரை கண்ணை ஓட்டுவார். முந்நூறு மில்லிமீட்டர் சிலிக்கானில் ஒரு வரி, பத்து நானோமீட்டர் வெள்ளியில் ஓர் இடைவெளி, பித்தளைக் குண்டானில் ஒரு கடுகளவு மஞ்சள் என எதுவானாலும், தேடுகிற கண் ஒன்றுதான். எங்கள் வேப்பமரத்தடியில் அவர் அப்படிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பாத்திரத்தை மறுபடி நெருப்பில் வைத்தார்.